காட்டைக் கணக்கெடுத்த அம்மையார்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று மேற்கே நோக்கினால் பழனிமலைத் தொடர் நீல வரம்பாகத் தோன்றும். அதன் உயர்ந்த மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கிச் செறிந்த சோலைக்காடுகள் உள்ளன. மழையையும் மூடுபனியையும் தம்முள் தேக்கிச் சிறுகச் சிறுக வெளிவிடுவன அவை. திண்டுக்கல் நகரத்தார் பருகும் ஆத்தூர் காமராசர் அணையின் நீரும் அத்தொடரின் சரிவுகளிலிருந்து இறங்கி வருவதே. மலைக்காடு அழிந்தால் சமவெளி வறளும் என்பதை இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் புவிண்டி மலைக்காடு 1991ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாயிற்று. மலைக் கொரில்லாக்களைக் காண இன்று பல நாட்டினரும் அங்குச் செல்கின்றனர். அதற்கு ஏழாண்டுகள் முன்னரே நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் ஒரு மழைக்காடு அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்டது. அதன்பொருட்டு எண்பது வயதிலும் உழைத்தவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்.

இவர் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாண நீதித்துறையில் பணியாற்றியவர்; பறவைகளிடத்தும் தோட்டக்கலையிடத்தும் பெருவிருப்பம் கொண்டவர். உடன்பிறந்த பெண்கள் மணம் முடித்துச் செல்ல, ஜானகி அம்மாள் கல்வியைத் தேர்ந்து சென்னைக்கு வந்தார். இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிப்படிப்பைக் கடப்பதே அரிதாயிருந்த காலம் அது.

கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றினார். ஆற்றங்கரையில் தானே முளைத்து நிற்கும் நாணல், கரும்பின் உறவுச் செடியாகும். அதன் குரோமோசோம்களை நுண்ணோக்கியின்கீழ் எண்ணி ஆராய்ந்ததோடு, கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து புதிய கலப்பினம் உருவாக்கினார். எவரும் பொருட்படுத்தாத காட்டுச்செடியில்தான் பயிரின் வலிமை ஒளிந்துள்ளது என்னும் பாடத்தை அவர் இங்கேதான் பெற்றிருக்க வேண்டும்.

பிறகு இங்கிலாந்து சென்றார். உலகப்போரின் இடையே இலண்டனில் ஆய்வைத் தொடர்ந்து, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களுள் ஒரு வகை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தைச் சீரமைக்குமாறு தலைமை அமைச்சர் நேரு அழைக்கவே தாயகம் திரும்பினார்.

திரும்பியபின் அவர் கண்ட காட்சியொன்று நெஞ்சை விட்டு அகலவில்லை. அரியதொரு மக்னோலியா மரம் அசாமின் அப்பகுதியில் ஒன்றே ஒன்று எஞ்சியிருப்பதாக அறிந்து, அதனைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்தார். சென்றடைந்தபோது அம்மரம் எரிக்கப்பட்டிருந்தது. உணவு விளைச்சலைப் பெருக்கும் ஆர்வத்தில் காடுகள் திருத்தப்பட்டுவந்த காலம் அது. பசித்த நாட்டிற்கு விளைநிலம் வேண்டும் என்பதை அவர் மறுத்தவரல்லர். கரும்பு விளைச்சலுக்காகவே ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டவரல்லரோ! ஆயினும் ஆய்வகத்தில் புதிய செடியை உருவாக்கலாம், அழிந்த காட்டினத்தை உருவாக்க முடியாது என்பதை அவரினும் நன்கறிந்தவர் இலர். 1955இல் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் புவியின் முகத்தை மாற்றிய விதம் குறித்து அறிஞர்கள் கூடி ஆராய்ந்தபோது அவரும் பங்கேற்றார். அவ்வவையில் இடம்பெற்ற ஒரே பெண் அவரே.

எழுபதுகளில் கேரளத்தின் பாலக்காட்டு மலைப்பகுதியில், அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டம் முன்வைக்கப்பட்டது. மின்னொளி வேண்டிய மக்களும் இருந்தனர். வேலைவாய்ப்பை எதிர்நோக்கியோரும் இருந்தனர். எனினும், சிங்கவால் குரங்கும் பெயரிடப்படாத செடிகளும் வாழும் பழமையான மழைக்காடு நீரில் மூழ்கும் நிலையில் இருந்தது. ஆசிரியர்கள், அறிவியலாளர், கவிஞர் எனப் பலரும் எதிர்த்தெழுந்தனர். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் பணியாற்றிவந்த ஜானகி அம்மாளும் குரல் கொடுத்தார். அத்தோடு நிற்காமல், ஏரியாக்கப்படவிருந்த அக்காட்டின் மரங்களது குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார். எதிர்ப்புக்கு ஆதாரம் வேண்டும் என்பது அவர்தம் அறிவியல் மரபு. 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதனைப் பெரிதாகப் பேசியவரில்லை.

திட்டம் 1983இல் கைவிடப்பட்டது. சென்னையை அடுத்த மதுரவாயலிலுள்ள ஆய்வகத்தில் உழைத்துவந்த ஜானகி அம்மாள், 1984 பிப்ரவரி 7ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. இன்று முக்காலியிலிருந்து காட்டுவழியே வண்டியில் சைரந்திரிக்குச் செல்வோர், அங்குள்ள காட்சிக் கோபுரத்தின்மீது ஏறிக் குந்திப்புழையைக் காண்கின்றனர். அணை எழவிருந்த இடம் அதுவே.

நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பில் புகழ்பெற்ற இணையர் ஒருவர் அண்மையில் மஞ்சள் நிறப் புதிய ரோஜா ஒன்றை உருவாக்கி, அதற்கு ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டியுள்ளனர்.