கால் பெடல் குப்பைத்தொட்டி முதல் இன்ஜினியரிங் வகுப்பு வரை: யார் இந்த லில்லியன் கில்பிரெத்?

காலால் அழுத்தினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி உங்க வீட்டில் இருக்கா? ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கம் முட்டை வைக்கும் தட்டு இருக்கா? இந்த இரண்டின் கதையிலும் தவறாமல் சொல்லப்படும் பெயர், லில்லியன் கில்பிரெத்.

மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இந்தப் பெயர் வேறு இடத்தில் அறிமுகமாகியிருக்கும். ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பாடத்தில் 'வொர்க் ஸ்டடி' பகுதி வரும். அதில் கில்பிரெத் என்று ஒரு பெயர், பக்கத்திலேயே 'தெர்ப்ளிக்' என்று வாயில் நுழையாத ஒரு சொல். கில்பிரெத் என்பது யாரோ ஒரு ஆள் என்று நினைத்தே பலரும் பரீட்சை எழுதிவிட்டு வந்துவிடுவார்கள்.

ஆனா அது இரண்டு பேர். கணவன், மனைவி. கணவர் இறந்த பிறகு ஏறக்குறைய 48 ஆண்டுகள் வாழ்ந்து, அந்தப் பாடத்தை இன்ஜினியரிங் கல்லூரியில் நின்று நடத்தியவர் மனைவி. இத்தனைக்கும், படித்து வாங்கிய இன்ஜினியரிங் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

இலக்கிய மாணவி

1878-ம் ஆண்டு மே 24, அமெரிக்காவின் ஓக்லாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார் லில்லியன். பெண் பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு என்று நினைத்த அப்பாவைப் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்து, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1900-ல் பட்டம், 1902-ல் முதுகலை. படித்தது இலக்கியம்.

1904-ல் பாஸ்டனில் கட்டட கான்ட்ராக்டராக இருந்த ஃபிராங்க் கில்பிரெத்தைத் திருமணம் செய்துகொண்டார். ஃபிராங்க் கல்லூரிப் பக்கம் போகாதவர். 17 வயதில் கொத்தனாரிடம் வேலை பழகப் போனவர். அங்கே அவர் கவனித்தது ஒன்றுதான்: ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் அடுக்குகிறார், ஒவ்வொரு செங்கல்லுக்கும் கீழே குனிந்து நிமிர்கிறார். செங்கல்லை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரும் சாரத்தை ஃபிராங்க் உருவாக்கினார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் நாலைந்து போதும் என்றானது. மணிக்கு 120 செங்கல் என்ற கணக்கு 350 ஆனது.

அசைவு ஃபிராங்குக்குப் பிடிபட்டது. அசைகிற மனிதரைப் பற்றிய கேள்வி லில்லியனுடையது. கணவரின் தொழிலுக்கு உதவும் என்பதால் இலக்கியத்தை விட்டு உளவியலுக்கு மாறினார். வேலை செய்பவரின் மனம், சலிப்பு, களைப்பு, பாராட்டு எல்லாம் உற்பத்தியை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்து ஆய்வேட்டை எழுதி முடித்தார். அவர் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படித்த காலம் போதாது என்று விதியைக் காட்டி கலிபோர்னியா டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டது.

அந்த ஆய்வேடு 1914-ல் புத்தகமாக வந்தது. அட்டையில் 'எல்.எம்.கில்பிரெத்' என்று மட்டும் இருந்தது. எழுதியது பெண் என்று தெரிந்தால் ஆலை முதலாளிகள் வாங்க மாட்டார்கள் என்பது பதிப்பகத்தின் கணக்கு! லில்லியன் சளைக்கவில்லை. இன்னொரு ஆய்வேடு எழுதி 1915-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இரண்டாவது ஆய்வின் தலைப்பு கற்பித்தலில் வீணாகும் உழைப்பைக் குறைப்பது. அப்போது வீட்டில் வரிசையாகச் சின்னக் குழந்தைகள். மொத்தம் 12 பிள்ளைகள் பெற்றார்; ஒரு மகள் சிறு வயதிலேயே டிப்தீரியாவில் இறந்துபோனாள்.

ஸ்டாப்வாட்ச் சண்டை

அந்தக் காலத்தில் ஆலை நிர்வாகம் என்றாலே ஃபிரெடெரிக் டெய்லர்தான். ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளந்து, இத்தனை நேரத்தில் இவ்வளவு முடிக்கணும் என்று நிர்ணயிப்பது அவர் முறை. 1911-ல் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஆள் வந்து நின்றதும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது.

டெய்லரை முதலில் கொண்டாடிய கில்பிரெத் தம்பதி பிறகு விலகினார்கள். எவ்வளவு நேரம் என்பதைவிட எந்த அசைவு என்பதுதான் கேள்வி என்றார்கள். தொழிலாளியின் விரலில் சின்ன பல்பைக் கட்டி, கை போகும் பாதையை ஒளிக்கோடாகப் படம் பிடித்தார்கள். சினிமா கேமராவை ஆலைக்குள் கொண்டுபோனார்கள். மனிதக் கை செய்யும் வேலையை 17 அடிப்படை அசைவுகளாகப் பிரித்தார்கள்: தேடுவது, பிடிப்பது, தூக்கிச் செல்வது, பொருத்துவது என்று நீளும் பட்டியல் அது. கில்பிரெத் என்ற பெயரைத் தலைகீழாக எழுதியதுதான் தெர்ப்ளிக். (ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்க, கிட்டத்தட்ட சரியா வரும்.)

அந்தப் பட்டியலில் களைப்பு தீர ஓய்வெடுப்பதும் ஒரு தெர்ப்ளிக். ஓய்வை வேலையின் ஒரு பகுதியாகவே எண்ணினார்கள். 1916-ல் களைப்பைப் பற்றியே இருவரும் ஒரு புத்தகம் போட்டார்கள்.

எல்லாம் நல்லபடி நடந்ததா என்றால், இல்லை. அசைவு குறைந்தால் உடம்புக்கு நல்லது, சரி. மிச்சமான நேரம் யாருக்கு? பல ஆலைகளில் அது கூடுதல் டார்கெட்டாகத்தான் திரும்பி வந்தது. தொழிற்சங்கங்களின் சந்தேகம் கடைசி வரை போகவில்லை. இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு பீஸ் தைக்க எத்தனை நிமிடம் என்று போடும் 'சாம்' கணக்கும் டெய்லர், கில்பிரெத் வழியில் வந்ததுதான். அதே கேள்வி அங்கேயும் உண்டு.

மூடிய கதவும் வீட்டுப் பள்ளியும்

1924 ஜூன் 14. ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு போன் பேசிக்கொண்டிருந்த ஃபிராங்க் மாரடைப்பில் சரிந்து இறந்தார். லில்லியனுக்கு வயது 46. பதினொரு பிள்ளைகளில் மூத்தவள் கல்லூரியில், கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது. சில நாட்களிலேயே லில்லியன் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். லண்டனிலும் பிராகாவிலும் கணவர் கலந்துகொள்ள வேண்டிய மாநாடுகளில் அவர் இடத்தில் போய் நின்றார்.

திரும்பி வந்தபோது நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஒப்பந்தத்தைக் கைவிட்டன. அத்தனை வருஷம் கூடவே வேலை பார்த்தவர்தான், ஆனாலும் ஆலைத் தளத்துக்குள் ஒரு பெண் வந்து யோசனை சொல்வதா என்ற தயக்கம். லில்லியன் வேறு வழி பிடித்தார். நியூ ஜெர்சி மாண்ட்கிளேரில் இருந்த தன் வீட்டையே பள்ளிக்கூடம் ஆக்கினார். நிறுவனங்கள் தங்கள் ஆட்களை அங்கே அனுப்பின. அவர் நுழைய முடியாத ஆலைகளுக்குள் அவரிடம் படித்தவர்கள் போனார்கள்.

பெண் என்பதால் தள்ளிவைத்தவர்களே, பெண்கள் சம்பந்தப்பட்ட பொருள் என்றால் அவரைத் தேடி வந்தார்கள். அப்படித்தான் சமையலறை அவர் ஆய்வுக்கூடம் ஆனது. 1929-ல் புரூக்ளின் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக அவர் வடிவமைத்த சமையலறையில் அடுப்பும் மேடையும் ஃப்ரிட்ஜும் கைக்கு எட்டும் தூரத்தில் பக்கத்து பக்கத்தில் இருந்தன. இதே முறையில் நடந்த ஒரு பரிசோதனையில், ஸ்ட்ராபெர்ரி கேக் ஒன்று செய்ய 281 காலடி நடக்க வேண்டியிருந்தது 45 ஆகக் குறைந்தது. இதில் ஒரு வேடிக்கை: லில்லியன் வீட்டில் சமைத்ததே அபூர்வம். அதற்கு ஆள் இருந்தார்.

1935-ல் இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகம் அவரை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பள்ளியில் மேனேஜ்மென்ட் பேராசிரியராக நியமித்தது. பர்டூவில் இன்ஜினியரிங் பேராசிரியரான முதல் பெண் அவர் என்று பதிவாகியிருக்கிறது. வயது 57. விமானி அமெலியா ஏர்ஹார்ட்டும் அதே காலத்தில் பர்டூ மாணவிகளுக்கு வழிகாட்டியாக இருந்தார். அசைவு ஆய்வுக்கூடம் அமைக்க லில்லியன் உதவினார். விவசாய வேலை, வீட்டு வேலை வரை அந்த ஆய்வு போனது. முதல் உலகப் போருக்குப் பிறகு கை, கால் இழந்த வீரர்களுக்கு வேலையை மாற்றியமைக்கும் பணியில் கணவரோடு இருந்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கான சமையலறைகள் வரை அதைத் தொடர்ந்தார்.

1948-ல் பர்டூவிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பிள்ளைகளில் இரண்டு பேர் குடும்பக் கதையை நகைச்சுவைப் புத்தகமாக எழுத, 1950-ல் ஹாலிவுட் படமும் வந்தது. படத்தின் நாயகன் அப்பா ஃபிராங்க். லில்லியனைப் பன்னிரண்டு பிள்ளை பெற்ற அம்மாவாகத்தான் உலகம் தெரிந்துகொண்டது.

அவர் வேலையை நிறுத்தவில்லை. 1955-ல், 77 வயதில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியர். 1965-ல் அமெரிக்க தேசிய பொறியியல் அகாடமி தன் முதல் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்தது. 1972 ஜனவரி 2-ம் தேதி, 93 வயதில் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் முகத்தோடு 40 சென்ட் தபால்தலை ஒன்று வெளிவந்தது.