கணித அறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணாலும் மீதமின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். சிறியனவாயின் அவற்றைக் கண்டறிதல் எளிது, பெரியனவாயின் அரிது. இத்துறையில் உழைத்து, இராமாநுஜனுக்குப் பின் தமிழ்நாட்டின் பெயரை மேனாட்டுக் கணிதர் அறியச் செய்தவர் சிவசங்கரநாராயண பிள்ளை அவர்கள்.

இவர் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில், சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். குழவிப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். பள்ளியின் இறுதி வகுப்பில் பயிலுங்கால் தந்தையும் காலஞ்சென்றார். அவ்வளவில் இவர் கல்வி நின்றிருக்கும். செங்கோட்டைப் பள்ளியில் இவருக்குக் கற்பித்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியரே பொருளுதவி புரிந்து படிக்கச் செய்தார். அப்பெரியார் இலராயின் இச்சரிதையும் இல்லை. பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கலாசாலையிலும், திருவனந்தபுரம் மகாராஜா கலாசாலையிலும் கற்று, சென்னைச் சர்வகலாசாலையில் ஆனந்தராவ் அவர்களிடம் ஆராய்ச்சி பயின்றார். நம்முடையதை ஒத்த ஒரு மிஷன் கலாசாலை இவருக்கு உபகாரச் சம்பளம் அளித்து ஆதரித்தது நமக்கு மகிழ்ச்சி தருவதேயாம். 1929-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் ஆசிரியரானார்.

மறு ஆண்டில் இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் இவர் ஒரு வினா விடுத்தார். அதனை நம் மாணவர் காகிதமும் பென்சிலும் கொண்டே சோதிக்கலாம். 1 முதல் 5 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 120; ஒன்று கூட்டினால் 121. இதனை வகுக்கும் பகா எண் 11. அதில் ஒன்று குறைந்த 10, நாம் தொடங்கிய 5-ஆல் வகுபடுகிறது. 6 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 721. இது 7, 103 என்னும் இரண்டின் பெருக்கம். 6-ம் 102-ம் ஆறால் வகுபடுவனவே. 7-க்கு 5041 வரும். அது 71-இன் வர்க்கம். 70 ஏழால் வகுபடும். இவ்வாறே எப்பொழுதும் நிகழுமோ என்பதே வினா.

ஏழு வரை பிழையாது வந்தது எட்டில் முறிகிறது! 40321 என்பது 61-ஐ 661-ஆல் பெருக்கியது. 60-ஐ எட்டால் வகுத்தால் மீதம் நிற்கும். இங்ஙனம் முறைதவறும் பகா எண்களுள் மிகச் சிறியது 23. அது 14-க்கு நேர்வது. அவை முடிவின்றி உள்ளன என்பதை எர்டோஷ், சுப்பராவ் ஆகியோர் பிற்காலத்தில் நிறுவினர். இன்று உலகெங்கும் அவற்றிற்குப் பிள்ளை பகா எண்கள் என்றே பெயர். விடை இல்லை என்றே வந்தும், வினவியவரின் பெயர் நிலைத்தது வியப்பன்றோ?

இவரது தலைசிறந்த வெற்றி வேறு. வாரிங் என்பாரின் பழைய புதிரில், எந்த முழு எண்ணையும் எழுபத்துமூன்று ஆறாம் படிகளுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம் என்பதை 1940-இல் நிரூபித்தார். பின் திருவனந்தபுரத்திலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார்.

1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம் ஓராண்டு தங்கியிருக்க இவரை அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மகாநாட்டிலும் கலந்துகொள்ளும் எண்ணத்துடன் புறப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் நாள் அவர் சென்ற விமானம் கெய்ரோ நகருக்கு அருகே பாலையில் வீழ்ந்து எரிந்தது. அதில் இருந்த ஐம்பத்தைவருள் ஒருவரும் பிழைத்திலர். அப்போது பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது. மகாநாடு அதற்கு முந்தின நாளே தொடங்கியிருந்தது.