நீலகண்டன் தேவசகாயம் ஆன கதை



லயத்தில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாதா கோயில் பக்கம் கிளம்பினால் போதும். சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்க அதே பேச்சுதான். என்ன கொடுத்தார்களாம்? மாவா, பால் டின்னா? பெண் வீட்டார் கேட்டுக்கொண்டார்களா? கடனை அடைத்துவிட்டார்களா? இப்படி ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வயது வந்த ஒரு மனிதன் தானாக யோசித்து, தானாகவே ஒரு வழியைத் தேடிப் போவான் என்று நம்புவதற்கு மட்டும் யாருக்கும் மனசு வராது.

இருநூற்று எண்பது வருஷத்துக்கு முன்னால் அப்படித் தேடிப் போன ஒரு தமிழ் மண்ணின் மனிதரைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். அவருக்கு மாவும் கிடைக்கவில்லை, பாலும் கிடைக்கவில்லை. இருந்த உத்தியோகம் போயிற்று, வீடு போயிற்று, கடைசியில் உயிரும் போயிற்று. இருந்தும் எடுத்து வைத்த காலை அவர் பின்வாங்கவில்லை. நீலகண்டப் பிள்ளை என்று பிறந்து தேவசகாயம் என்று இறந்தவர் அவர்.

அரண்மனை உத்தியோகம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்று ஓர் ஊர். அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அங்கே 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி நீலகண்டன் பிறந்தார். மேல்சாதிக் குடும்பம். நிலபுலன், ஆடு மாடு எல்லாம் உண்டு. தமிழ், மலையாளம், சமஸ்கிருதம் படித்தார். வாள் வித்தையும் கற்றார். பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோயிலில் அலுவல் பார்த்தார். பிறகு அரண்மனை உத்தியோகமும் கிடைத்தது. பார்கவி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நம்ம தோட்டத்துப் பெரிய கிராணியைப் பார்த்து நாம் எப்படி ஒதுங்கி நிற்போமோ, அதைவிடப் பத்து மடங்கு மரியாதையோடு ஜனங்கள் அவரைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள்.

அப்போது ராஜாவாக இருந்தவர் மார்த்தாண்ட வர்மா. 1741-ஆம் ஆண்டு டச்சுக் கம்பெனிக்காரர்கள் குளச்சல் கடற்கரையில் படையோடு வந்து இறங்கினார்கள். மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்களே, அதே கம்பெனிதான். ராஜாவின் படை அவர்களை முறியடித்தது. பிடிபட்ட டச்சு அதிகாரிகளில் ஒருவர் டி லனாய். ராஜா அந்தக் கைதியின் திறமையைக் கண்டு, அவரையே தம் படைக்குப் பயிற்சி கொடுக்கவும் கோட்டை கட்டவும் வைத்துக்கொண்டார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையை அவர் பலப்படுத்தினார். அந்த வேலையில்தான் நீலகண்டனுக்கும் டி லனாய்க்கும் பழக்கம் ஏற்பட்டது.

ஒரு துயரம், ஒரு நண்பன்

அந்தச் சமயத்தில் நீலகண்டன் வீட்டில் அடி மேல் அடி விழுந்தது. மாடுகள் செத்தன, பயிர் பாழாயிற்று, கையில் இருந்ததும் கரைந்தது. மனிதர் இடிந்து போனார். அவருடைய முகவாட்டத்தைக் கண்டு டி லனாய் விசாரித்தார் என்றும், பைபிளில் உள்ள யோபுவின் கதையைச் சொன்னார் என்றும் குமரி நாட்டில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

யோபு பெரிய செல்வந்தர், நீதிமான். ஒரே நாளில் ஆடு மாடு போயிற்று, பெற்ற பிள்ளைகள் இறந்தார்கள். அப்புறம் உடம்பெல்லாம் புண் வந்தது. பார்க்க வந்த சிநேகிதர்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதுதான் இப்படி என்றார்கள். யோபு அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளிடமே கேள்வி கேட்டார், அழுதார். ஆனாலும் அவரை விட்டு விலகவில்லை. நல்லவனுக்கும் துன்பம் வரும், துன்பம் வந்ததாலேயே அவன் கெட்டவன் ஆகிவிட மாட்டான் என்பது அந்தக் கதையின் சாரம்.

நொந்து கிடக்கும் மனிதனுக்கு இந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீலகண்டனின் முதல் படி இதுதான். யாரும் மேடை போட்டு அவரைக் கூப்பிடவில்லை. வேலை செய்யுமிடத்தில் ஒரு நண்பனிடம் மனசைத் திறந்தார். கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோய் அசை போட்டார். மறுபடியும் வந்து கேட்டார். அந்த நண்பனோ சொந்த நாட்டைப் பிரிந்து கைதியாக வந்தவர். கஷ்டப்பட்டவன் பேச்சு கஷ்டப்படுகிறவன் காதில் ஏறும்.

கதவு உடனே திறக்கவில்லை

ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று நீலகண்டன் முடிவு செய்தபோது, திருவிதாங்கூருக்குள் அது நடக்கிற காரியமாக இல்லை. டி லனாய் அவரை வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அது ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, ராஜாவின் எல்லைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில் இருந்த ஊர். அங்கே புத்தாரி என்ற இத்தாலிய சேசுசபைக் குரு இருந்தார். ஜனங்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று தமிழில் அழைத்தார்கள்.

அரண்மனை அதிகாரி ஒருவர் வலிய வந்து சேர்கிறாரே என்று குருவானவர் துள்ளிக் குதித்தாரா? இல்லை, தயங்கினார். வந்தவர் ராஜாவின் ஆள். அரசாங்கத்தின் கோபம் இவர் மேலும் விழலாம், ஊரிலுள்ள ஏழைக் கிறிஸ்தவர்கள் மேலும் விழலாம். உண்மையான மனசோடு வந்திருக்கிறாரா, அல்லது துயரம் தீர்ந்ததும் திரும்பிவிடுவாரா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே அவரைச் சோதித்தார், காத்திருக்க வைத்தார், வேதத்தைக் கற்றுக்கொடுத்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்களே, அந்த ஆழத்தை நீலகண்டனுக்குக் காட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் தேதி அவர் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது வயது 33. லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளின் உதவி என்பது அதன் பொருள். பின்னர் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்றார். தெரேசா என்பதன் தமிழ்ப் பெயராக ஞானப்பூ என்று அவருக்குப் பெயர் இட்டார்கள்.

பந்தியில் வந்த சண்டை

தலையில் தண்ணீர் ஊற்றியதோடு விஷயம் முடிந்திருந்தால், ஊர் அதை மறந்திருக்கவும் கூடும். தேவசகாயம் அதோடு நிற்கவில்லை. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் இது சாதாரணக் காரியமா? தொட்டால் தீட்டு என்பது மற்ற ஊர்களில். அங்கேயோ கிட்டே வந்தாலே தீட்டு. இன்ன சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கே வைத்திருந்தார்கள். அந்த நாட்டில் கோயில் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936-ஆம் ஆண்டில்தான். அதற்கு ஏறக்குறைய 190 வருஷத்துக்கு முன்னால் ஓர் அரண்மனை அதிகாரி இந்தக் கணக்கைக் காலால் அழித்தார் என்றால், மேல்சாதிக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் மேல் புகார் போயிற்று. ராஜ துரோகம் செய்தார், அரசாங்க ரகசியங்களை வெளியே சொன்னார், தெய்வ நிந்தனை செய்தார் என்று குற்றம் சாட்டினார்கள். மதம் மாறியதற்காக அவரைத் தண்டிக்கவில்லை, அரசாங்கக் குற்றத்துக்காகத்தான் தண்டித்தார்கள் என்று வாதிடும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. விசுவாசத்துக்காகவே உயிர் கொடுத்தார் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் தீர்ப்பு.

1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள். அப்புறம் ஏறக்குறைய மூன்று வருஷச் சித்திரவதை. எருமை மேல் ஏற்றி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக ஊர்வலம் விட்டார்கள் என்றும், அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்றும் சொல்கிறார்கள். அவமானம் தாங்காமல் மனிதர் மாறிவிடுவார் என்று நினைத்தார்கள் போலும். ஆனால் நடந்தது வேறு. கட்டுண்டு கிடந்தவரைப் பார்க்க ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவரிடமே ஆறுதல் பெற்றுக்கொண்டு போனார்கள்.

1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 39. வடக்கன்குளத்துக்கு எந்தக் கணவாய் வழியாக வேதம் படிக்கப் போனாரோ, அதன் பக்கத்திலேயே உயிர் பிரிந்தது. காட்டில் எறிந்த உடலின் எஞ்சிய பாகங்களைக் கிறிஸ்தவர்கள் எடுத்துப் போய், கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

டி லனாய் ராஜாவின் தளபதியாகவே இருந்து 1777-இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

சுவர் எழுந்தது, சுவர் விழுந்தது

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், நூறு வருஷத்துக்கு அப்புறம் கத்தோலிக்கர்களே சாதிச் சண்டை போட்டார்கள். 1870-களில் எழுந்த பெரிய கோயிலில், ஒரு சாதிக்கு ஒரு பக்கம், இன்னொரு சாதிக்கு மறு பக்கம் என்று நடுவே சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். வழக்கு, வம்பு எல்லாம் நடந்து, 1910-இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். மார்க்கம் மாறினால் மட்டும் போதாது, மனசும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம்ம கதை மட்டும் என்ன? தாத்தா பாட்டி ரஜுலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கியபோது, தகரப் பெட்டியோடு சாதியும் கூடவே இறங்கியது. சாதி பார்த்து லயம் பிரித்துக் கொடுத்த தோட்டங்களும் இருந்தன.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி நாகர்கோவிலில் தேவசகாயத்துக்கு முக்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் கிடைத்தது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, பெண்டாட்டியோடு குடும்பம் நடத்திய ஓர் இந்தியர் புனிதராவது அதுதான் முதல் முறை. அந்த அறிவிப்பில் பிள்ளை என்ற சாதிப் பெயரை விட்டுவிட்டார்கள். வெறும் தேவசகாயம்தான். பந்தியில் சாதியை மறந்தவருக்கு அதுதானே நியாயம்?

பினாங்கில் இன்று

கோட்டாற்றில் அவர் அடங்கியிருக்கும் கோயிலின் பெயரையே ஜார்ஜ் டவுனில் பினாங்கு ரோட்டிலும் பார்க்கலாம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று போன நூற்றாண்டுக்கும் முந்தி எழுந்த புனித சவேரியார் தேவாலயம் அங்கே இருக்கிறது. கடலுக்கு இந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் கோயில். ஜூலை மாதத் திருவிழாவுக்குப் பேராக், கெடா பக்கமிருந்தெல்லாம் நம்ம ஜனங்கள் போகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் திருநீறு பூசிய நெற்றிகளும் உண்டு. அதனால் யாரும் மதம் மாறிவிடுவதில்லை. கும்பிடுவது வேறு, சேருவது வேறு.

சேர வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. பழைய காலத்துப் படிப்படியான அந்த முறையை 1972-இல் திருச்சபை புதுப்பித்துக் கொடுத்தது. முதலில் கேள்வி கேட்கும் காலம். வந்து உட்காரலாம், சந்தேகம் கேட்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். மனம் இருந்தால் அடுத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் பெற்று வேதம் படிக்கும் காலம். துணைக்கு ஒரு ஞானத் தகப்பனோ ஞானத் தாயோ உண்டு. தவக்காலத்தின் தொடக்கத்தில் பெயர் தேர்ந்தெடுக்கப்படும். ஈஸ்டருக்கு முந்திய இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் கிடைக்கும். இதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். வேறு சபையில் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மறுபடியும் அதைக் கொடுப்பதில்லை. சொந்த விருப்பம் இல்லாதவருக்கு, கட்டாயத்தில் வந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம். அன்று வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் காத்திருக்க வைத்தாரே, அந்தப் பொறுமைதான் இதிலும் இருக்கிறது.

ஆகவே தோழர்களே, இந்தப் பக்கத்தை வாசிக்கும் யாரையும் அந்தக் கோயிலுக்குப் போ, இந்தக் கோயிலுக்குப் போ என்று சொல்ல நாம் வரவில்லை. மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போகிறவர் போகட்டும், மாதா கோயில் பூசைக்குப் போகிறவர் போகட்டும். போகிறவர் அவசரப்படாமல், ஆதாயம் பார்க்காமல், மனைவி மக்களிடம் மறைக்காமல், தெரிந்துகொண்டு போகட்டும். பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் மாவுக் கணக்கையும் பால் டின் கணக்கையும் நிறுத்திக்கொள்ளட்டும். வருகிற கிழமை அந்த வீட்டுக்காரர் பசியாறக் கூப்பிட்டால், எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று பார்க்காமல், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தேவசகாயம் உயிரைக் கொடுத்து உட்கார்ந்த பந்தி அது.