சிறைக்குள் மனிதர், சுவரில் சிரித்த முகம்!

சினிமாக் கொட்டகை வாசலில் ஒட்டிய படத்தைப் பார்த்ததுமே ஜனங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படி ஒரு முகம் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு!

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி பிறந்தார். ஏழைக் குடும்பம். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1935-ல் "மேனகா", 1936-ல் "சதி லீலாவதி" என்று சினிமாவுக்கு வந்தார்.

அந்த நாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. படத்தின் பெயரை வாசிக்க முடியாதவரும் சுவரொட்டியில் முகத்தைக் கண்டுகொள்வார். முகம்தான் விளம்பரம். பாட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் அதுதான். கிருஷ்ணனும் மதுரமும் சேர்ந்து நிற்கும் படம் இருந்தால் போதும், டிக்கெட் விற்றுவிடும்!

1944 தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வெளிவந்தது. தியாகராஜ பாகவதர் கதாநாயகன், சிரிப்புக்குக் கிருஷ்ணன். அடுத்த மாதமே சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை!

"ஹரிதாஸ்" மட்டும் நிற்கவில்லை. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. 1945 தீபாவளிக்கும், 1946 தீபாவளிக்கும் கிருஷ்ணன் சிறையில் இருந்தார். அவர் முகமோ திரையில் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. கொலை வழக்கில் சிக்கியவர் என்று தெரிந்தே சிரித்தார்கள். விந்தைதான்!

வெளியே மதுரம் சும்மா இருக்கவில்லை. கணவர் பெயரிலேயே நாடக சபை நடத்தினார். சகஸ்ரநாமம் துணை நின்றார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

பழைய முகத்துக்குப் பழைய மவுசு இருக்குமா? பாகவதருக்கு இல்லை, பிறகு வந்த "ராஜமுக்தி" ஓடவில்லை. கிருஷ்ணனை ஜனங்கள் கைவிடவில்லை. 1947-ல் "பைத்தியக்காரன்", 1949-ல் "நல்லதம்பி" என்று வரிசையாக நடித்தார். 1951-ல் "மணமகள்" படத்தை அவரே டைரக்ட் செய்தார். சம்பாதித்ததை எல்லாம் வாரிக் கொடுத்தார்.

1957 ஆகஸ்டு 30-ந் தேதி காலமானார். வயது 48.

சென்னை தியாகராய நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969 ஜனவரி 14-ந் தேதி முதலமைச்சர் அண்ணா, கடும் நோயையும் பொருட்படுத்தாமல் வந்து அதைத் திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது.