செபமாலை அணிந்த பிச்சைக்காரர்

1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், திருப்பலி தடைசெய்யப்பட்டது. மாந்தைக் குடும்பங்கள் சில மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் சென்று மருதமடுவில் குடியேறின என்பது நம் முன்னோர் வழிச் செய்தி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேய்ப்பரின்றியே மந்தை வாழ்ந்தது.

கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் இம்மக்களைத் தேடிப் புறப்பட்டார். 1687ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று தூத்துக்குடியில் கப்பலேறினார். புயலில் அலைக்கழிந்து, மன்னார்க் கரையில் சிறிது தங்கி, ஏழைக்கோலத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு. இரக்கமுள்ள பெண்ணொருத்தி தந்த கஞ்சியே அவரைக் காத்தது.

உடல் தேறியபின் செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்பதையே அவர் கண்கள் தேடின. காட்டிக்கொடுப்பவர் கண்ணிலும் அது பட்டிருக்கலாமே! அந்தத் துணிவை எண்ணினால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. இறுதியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் அவரை அறிந்துகொண்டது. அதன்பின் இரவுகளில் மறைவாகத் திருப்பலி நடந்தது.

கண்டியில் 1692இல் ஒற்றனெனச் சிறைப்பட்டார். அதே நகரில் 1697இல் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்டோரைத் தம் கையால் பராமரித்தார். கோவாவுக்குத் திரும்பாமலே 1711 சனவரி 16இல் இறைவனடி சேர்ந்தார்.

2015 சனவரி 14ஆம் நாள் காலை, கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருத்தலத்தில் நம் மக்களோடு செபித்தார்.