கண்ணிழந்த ஹூபர் கண்ட தேன்கூடு

சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் மரப்பொந்துகளை உற்று நோக்கினால், சிறிய இந்தியத் தேனீக்கள் போவதும் வருவதுமாய் இருக்கக் காணலாம். திருப்பதியை அடுத்த சேஷாசல மலைப் பாறைகளில் மலைத்தேனீக்களின் பெரிய அடைகள் தொங்கும். தேன்கூட்டின் உள்வாழ்வை உலகுக்குத் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் பார்வையற்றவர் என்பதை நீங்கள் அறிவீர்களா?

பிரான்சுவா ஹூபர் 1750-ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் பிறந்தார். பதினைந்து வயதளவில் அவர் பார்வை மங்கத் தொடங்கியது. பாரிசு மருத்துவர்களாலும் அதனைத் தடுக்க இயலவில்லை. அவரை மணக்க விரும்பிய மேரி என்னும் பெண்ணின் தந்தை, பார்வை இழப்பவருக்கு மகளைத் தர மறுத்தார். மேரியோ சட்டப்படி உரிமை பெறும் இருபத்தைந்தாம் வயதுவரை காத்திருந்து, 1776-இல் ஹூபரையே மணந்தார்.

ஹூபரின் வீட்டில் பிரான்சுவா புர்னென் என்னும் பணியாள் இருந்தார். நூல்களை வாசித்துக் காட்டுவதே அவர் வேலை. தேனீக்களைப் பற்றிய நூல்களை வாசிக்கும்போது அவர் காட்டிய ஆர்வத்தையும் கூர்மையையும் ஹூபர் கண்டுகொண்டார். அன்றுமுதல் வினாக்கள் ஹூபருடையவை, கண்கள் புர்னெனுடையவை.

அக்காலத்தில் ஓர் ஐயம் நிலவியது. ஒரு கூட்டை இரண்டாகப் பிரித்தால் இராணி ஒரு பாதியில் மட்டுமே இருக்கும். மற்றப் பாதி அழியுமா? பணித்தேனீ ஆகவேண்டிய புழுவையே இராணியாக வளர்க்க இயலும் என்று ஷிராக் என்னும் செருமானியர் கூறியிருந்தார். பலர் அதனை நம்பவில்லை. ஹூபர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை, சோதித்துப் பார்த்தார். புத்தகத்தின் ஏடுகளைப்போல் விரித்துப் பார்க்கத்தக்க சட்டங்கள் கொண்ட கூடு ஒன்றை அமைத்தார்.

இராணியை எடுத்த சில மணி நேரத்தில் கூட்டில் பதற்றம் பரவியது. பின்னர்த் தேனீக்கள் அமைதியுற்று, இளம்புழுக்கள் சிலவற்றின் அறைகளைச் சுற்றியிருந்த சுவர்களை இடித்துப் பெரிதாக்கின. நிலக்கடலைபோல் கீழ்நோக்கித் தொங்கும் அறைகளைக் கட்டின. ராயல் ஜெல்லி எனப்படும் பால்போன்ற கூழை எல்லாப் புழுக்களும் முதல் மூன்று நாள்கள் உண்ணும்; இராணியாகும் புழுவுக்கோ இறுதிவரை அதுவே உணவு. பணித்தேனீ முழுவளர்ச்சி பெற 21 நாள்கள் ஆகும். இராணி முட்டையிலிருந்து 16 நாள்களில் வெளிவந்துவிடும். முதலில் வெளிவரும் இராணி, மற்ற இராணி அறைகளைக் கிழித்து அழித்துவிடும். இரக்கமற்ற செயலாகத் தோன்றினும் ஒரு கூட்டுக்கு ஓர் இராணியே போதும்.

இளம்புழுக்களே இல்லாத கூட்டின் நிலை வேறு. அங்குப் பணித்தேனீக்களே முட்டையிடும். ஆனால் அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே தோன்றும். உழைப்பார் குறையக் குறையக் கூடு மெல்ல அழியும். இதனை உறுதிசெய்ய, இரண்டு கூடுகளில் சிறிய இராணி எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று அறியவேண்டியிருந்தது. புர்னென் பதினொரு நாள்கள் ஒவ்வொரு தேனீயாகக் கையிலெடுத்துப் பார்த்தார். எத்தனை கொட்டுகள் பட்டிருப்பார்!

இவ்வாய்வுகள் 1792-இல் நூலாயின. புர்னென் தம் ஊர் திரும்பியபின் மேரியும் மகன் பியரும் துணைநின்றனர். ஹூபர் 1831-இல் இயற்கை எய்தினார்.

சட்டங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கும் முறை பின்னர் உலகெங்கும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவில் நியூட்டன் என்னும் பாதிரியார் நம் நாட்டுச் சிறிய தேனீக்கு ஏற்ற பெட்டியை அமைத்தார். அது இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. அப்பெட்டியைப் பிரிப்பவர்கள், இராணியில்லாத பாதியில் முட்டைகளும் இளம்புழுக்களும் உள்ள சட்டம் ஒன்றேனும் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கின்றனர்.