விட்டல்பாய் பட்டேல்

சர்தார் வல்லபபாய் பட்டேலை அறியாதார் இலர். அவருடைய தமையனார் விட்டல்பாயை அறிந்தோர் சிலரே. குஜராத்தின் கரம்சத் ஊரைச் சேர்ந்த உழவர் குடும்பத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்த அவர், வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெறத் தம்பி வல்லபபாய் பணம் சேர்த்துப் பயண ஏற்பாடு செய்திருந்தார். வி.ஜே. பட்டேல் என்று பெயரிட்டு வந்த கடிதமோ அண்ணனின் கையில் சேர்ந்தது. இருவருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. மூத்தவர் முன்னே செல்வதே முறை என்றார் விட்டல்பாய். தம்பியும் விட்டுக்கொடுத்தார்.

அக்காலத்து மத்திய சட்டமன்றம் வலிமை குன்றியது. அதன் 145 உறுப்பினருள் 41 பேர் நியமிக்கப்பட்டோர். அவை தள்ளிய மசோதாவையும் வைசிராய் தம் அதிகாரத்தால் சட்டமாக்கலாம். அவையில் தோற்றாலும் அரசு பதவி விலக வேண்டியதில்லை. அந்த அவைக்குத் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை 1925இல்தான் கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த ரங்காச்சாரியாரை இரண்டே வாக்குகள் வேறுபாட்டில் வென்று, விட்டல்பாய் தலைவரானார். உடனே தம் சுயராஜ்யக் கட்சியிலிருந்தும் விலகினார்.

1928இல் அரசு பொதுப் பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்தது. இந்தியத் தொழிலாளரிடையே பணியாற்றிய வெளிநாட்டுப் பொதுவுடைமையரை நாடு கடத்துவதே அதன் நோக்கம். வாக்குகள் 61க்கு 61 எனச் சமமாயின. அவை முழுவதும் தலைவரின் முகத்தை நோக்கியது. அவர் தம் வாக்கை மசோதாவுக்கு எதிராக அளித்தார், மசோதா வீழ்ந்தது.

அரசு அடங்கவில்லை. மறு ஆண்டே அம்மசோதாவை மீண்டும் கொணர்ந்தது. அப்போது தொழிற்சங்கத் தலைவர் பலர்மீது மீரட்டில் சதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்கைத் தொடாமல் மசோதாவைப் பற்றிப் பேச இயலாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை அவையில் பேசுவதோ முறையன்று. ஆகவே வழக்கை விடுக அல்லது மசோதாவை ஒத்திவைக்க என்று விட்டல்பாய் அரசுக்கு அறிவுறுத்தினார். அரசு மறுத்தது. ஏப்ரல் 8ஆம் நாள் அவர் தம் தீர்ப்பைக் கூற முற்பட்ட வேளையில்தான், பகத்சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் தில்லியில் அவைக்குள் குண்டு வீசினர். அதனால் தள்ளிப்போன தீர்ப்பு 11ஆம் நாள் வந்தது: மசோதாவை அவையில் எடுத்துக்கொள்ள இயலாது. இரண்டே நாள்களில் வைசிராய் இர்வின் அதனை அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார். தலைவர் இனி அவ்வாறு தடுக்க இயலாதபடி விதிகளும் திருத்தப்பட்டன. அவையின் இசைவின்றியே அரசு ஆள்கிறது என்பதை இதனினும் தெளிவாக எவரும் காட்டியிருக்க முடியாது.

ஆரவாரமின்றி அவர் பெற்ற வெற்றி ஒன்றும் உண்டு. அதுவரை அவையின் அலுவலர்கள் அரசின் சட்டத் துறைக்குக் கட்டுப்பட்டவர்கள். அரசைக் கேள்வி கேட்கும் அவை, அரசின் ஊழியரையே நம்பியிருந்தது. விட்டல்பாயின் விடாமுயற்சியால் 1929 ஜனவரி 10 அன்று, தலைவரின் பொறுப்பில் தனித் துறை அமைந்தது.

1930 ஏப்ரலில் அவர் பதவி துறந்து விடுதலைப் போரில் இறங்கிச் சிறை சென்றார். உடல் நலிந்து மருத்துவத்திற்காக ஐரோப்பா சென்றவர், 1933 அக்டோபர் 22 அன்று ஜெனீவா அருகே காலமானார். அவர் போராடிப் பெற்ற அத்துறையே இன்று மக்களவைச் செயலகமாக இயங்கிவருகிறது.